சங்கிலியா, பெல்ட்டா? வீட்டு முற்றத்துக் காருக்கு வரலாறு சொல்லும் பதில்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த பல குடும்பங்களின் வீடுகளில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று, வாசலில் சாய்த்து வைத்த சைக்கிள். மற்றொன்று, ஜன்னல் ஓரத்துத் தையல் மெஷின். சைக்கிளை ஓட்டியது சங்கிலி. தையல் மெஷினை ஓட்டியது தோல் பெல்ட். சங்கிலி கழன்றால் பையன்கள் கையெல்லாம் கறுப்பு எண்ணெயோடு அதை மாட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார்கள். பெல்ட் தளர்ந்தால் அம்மா அதில் ஒரு துண்டை வெட்டி, கம்பிக் கொக்கியை மறுபடி மாட்டித் தைக்கத் தொடங்குவார்.

ஒரே வீட்டில் இருந்த இந்த இரண்டும், ஒரு சுழற்சியை இங்கிருந்து அங்கே கொண்டுபோக மனிதன் கண்ட இரண்டு வழிகள். மோட்டார் கார் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை கார் செய்பவர்கள் இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று வாதாடி வருகிறார்கள். அந்த வாதம் இப்போது நம் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கிறது.

ஆயர் தாவாரை எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே உப்பில்லாத நல்ல தண்ணீரை வைத்திருக்கும் ஊர். சித்தியவானுக்கும் புருவாஸுக்கும் பக்கத்தில், மஞ்சோங் மாவட்டத்தில் இருக்கிறது. சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரங்கள். இன்று பெரும்பாலும் செம்பனை. அங்கே ஓர் இளைஞர், பழைய இரும்புக் கடையில் கிடைத்த கப்சாய் எஞ்சினையும் நான்கு சிறிய சக்கரங்களையும் கொண்டு, வீட்டு முற்றத்தில் ஒரு சிறிய காரைக் கட்டத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து சட்டம் தயாராகிவிட்டது. இருக்கையும் பொருத்தியாகிவிட்டது. எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியை எப்படிக் கொண்டுபோவது? சங்கிலியா, பெல்ட்டா?

இது விளையாட்டுக் கேள்வி அல்ல. தவறாகத் தேர்ந்தெடுத்தால் சேர்த்து வைத்த பணம் போகும்; சில வேளைகளில் விரலும் போகும். சரியாகத் தேர்ந்தெடுத்தால், எந்தக் கல்லூரியிலும் சேராமலேயே இயந்திரக் கலையின் முதல் பாடத்தை அந்த இளைஞர் கற்றுக்கொள்வார்.

முதல் காரில் இரண்டுமே இருந்தன

உலகின் முதல் மோட்டார் கார் என்று பலரும் ஏற்றுக்கொள்வது, ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியை. 1886 ஜனவரி 29-ஆம் தேதி அதற்குக் காப்புரிமை கேட்டு அவர் விண்ணப்பித்தார். அதன் எஞ்சின் 954 சி.சி. கொள்ளளவு கொண்டது. ஆனால் அதன் ஆற்றல் ஒரு குதிரைத் திறனைக்கூட எட்டவில்லை. இன்றைய கப்சாய் ஒன்றின் முன்னால் அது நிற்க முடியாது.

அந்தப் பலவீனமான எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக பென்ஸ் செய்த ஏற்பாடு கவனிக்கத் தக்கது. எஞ்சினிலிருந்து இடையில் இருந்த ஒரு தண்டுக்கு அவர் பெல்ட்டைப் போட்டார். அந்தத் தண்டிலிருந்து இரண்டு பின் சக்கரங்களுக்கும் சங்கிலியைப் போட்டார்.

ஏன் இப்படி? பெல்ட்டை ஒரு புல்லியிலிருந்து பக்கத்துப் புல்லிக்குத் தள்ள முடியும். தண்டோடு பூட்டப்படாமல் சும்மா சுற்றும் புல்லிக்கு அதைத் தள்ளினால் எஞ்சின் ஓடும், வண்டி நிற்கும். பூட்டிய புல்லிக்குத் தள்ளினால் வண்டி மெல்லப் புறப்படும். அந்த பெல்ட்டே கிளட்ச்சாகவும் வேலை செய்தது. சங்கிலியால் இதைச் செய்ய முடியாது. அது பல்லைப் பிடித்தால் பிடித்ததுதான், இடையில் வழுக்காது. ஆனால் சக்கரத்தை அழுத்தமாக இழுக்க அதுவே ஏற்றது.

அந்தச் சங்கிலிக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880-இல் உருளை வைத்த சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஓடுவது அதன் வாரிசுதான். அது வராமல் இருந்திருந்தால் சைக்கிளும் வளர்ந்திருக்காது. மோட்டார் வண்டியும் அவ்வளவு விரைவில் வந்திருக்காது.

ஒரு பெண் நடத்திய சோதனை

பென்ஸின் வண்டியை உண்மையில் சோதித்தவர் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்ட் மாதத்தில், கணவரிடம் சொல்லாமல், ஆய்கென், ரிச்சர்ட் என்ற இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமில் இருந்த தன் தாய் வீட்டுக்குப் புறப்பட்டார். தூரம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். அதற்கு முன் எந்த மோட்டார் காரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

வழியில் எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார்கள். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார் பெர்த்தா. புருக்சால் என்ற ஊரில் ஒரு கொல்லர் சங்கிலியைச் சரிசெய்து கொடுத்தார். தேய்ந்துபோன பிரேக் கட்டைகளுக்கு ஒரு செருப்புத் தைப்பவர் தோல் வைத்துத் தைத்தார். மேடுகளில் வண்டி ஏறவில்லை. பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். திரும்பி வந்தபின், மேடு ஏறுவதற்கென்று இன்னொரு கியர் வேண்டும் என்ற யோசனை அந்தப் பயணத்திலிருந்தே பிறந்தது.

இதில் ஒரு செய்தி இருக்கிறது. அந்த வண்டி ஊர் வந்து சேர்ந்தது, அது கெடாத வண்டி என்பதால் அல்ல. வழியில் இருந்த கொல்லரும் செருப்புத் தைப்பவரும் கெட்டதைச் சரிசெய்ய முடிந்தது என்பதால்தான். வீட்டில் கார் கட்டும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எது சிறந்தது?’ என்பதல்ல. ‘இது கெட்டால் என் ஊரில் யார் சரிசெய்வார்?’ என்பதுதான்.

மலை தீர்ப்புச் சொன்னது

மோட்டார் சைக்கிள்கள் வந்த காலத்தில் இந்த வாதம் இன்னும் சூடுபிடித்தது. இங்கிலாந்தில் பெரும்பாலோர் பெல்ட்டையே விரும்பினார்கள். அது ஓசையில்லாமல் ஓடும்; எண்ணெய் வேண்டாம்; ஓட்டுபவரின் காற்சட்டையில் கறை படாது. சங்கிலி முரடானது என்று கருதப்பட்டது.

1911-இல் ஐல் ஆப் மேன் தீவின் டி.டி. பந்தயம் முதன்முறையாக மலைப் பாதைக்கு மாற்றப்பட்டது. அமெரிக்காவின் ‘இந்தியன்’ நிறுவன வண்டிகள் சங்கிலியோடும் கியர் பெட்டியோடும் வந்தன. பெரிய வண்டிகளுக்கான பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் அவையே பிடித்தன. தட்டையான சாலையில் மழுப்பலாகப் பேசிய விஷயத்தை மலை ஒரே நாளில் போட்டு உடைத்தது.

பெல்ட்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ரட்ஜ் நிறுவனம் ‘ரட்ஜ் மல்ட்டி’ என்ற வண்டியைச் செய்தது. ஒரு கைப்பிடியை நகர்த்தினால் எஞ்சின் பக்கத்துப் புல்லி அகலும், பின்பக்கத்துப் புல்லி நெருங்கும். பெல்ட் ஒரே இறுக்கத்தில் இருந்துகொண்டே கியர் மாறும். 1914-இல் அதே தீவில், அதே மலையில் ரட்ஜ் மல்ட்டி வென்றது. பெல்ட்டில் ஓடி டி.டி. பந்தயத்தை வென்ற கடைசி வண்டி அதுதான்.

இந்த ரட்ஜ் என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கைக் கதையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த அவர், ஓர் ஆங்கில அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் ஊர்சுற்றக் கிளம்பவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டினார். அந்தக் காலத்து ரட்ஜ் வண்டிகளின் பின் சக்கரத்தைச் சுழற்றியது பெல்ட்தான். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டாத ஒரு கிராமத்துப் பையனுக்கு அந்த வண்டியே பள்ளிக்கூடமாக அமைந்தது.

இடம் மாறினால் குணம் மாறும்

முதல் உலகப் போரில் இன்னொரு சோதனை நடந்தது. 1915-இல் வந்த டிரையம்ப் ‘மாடல் எச்’ என்ற மோட்டார் சைக்கிளை நேச நாட்டுப் படைகள் ஆயிரக்கணக்கில் வாங்கின. நம்பகமான வண்டி என்று பெயர் எடுத்தது. அதில் எஞ்சினிலிருந்து கியர் பெட்டிக்குச் சங்கிலி. கியர் பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்கு பெல்ட். பென்ஸ் செய்த வரிசை இதில் அப்படியே தலைகீழானது.

போர்க்களத்துச் சேறும் மழையும் சக்கரத்தின் பக்கத்தில்தான் அதிகம் தெறிக்கும். அங்கே இருந்த பெல்ட் நனைந்தால் வழுக்கும். போர் முடிந்தபின் வந்த அடுத்த மாதிரியில் டிரையம்ப் நிறுவனமே பின் சக்கரத்துக்கும் சங்கிலியைப் போட்டுவிட்டது.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றுகிறது. சக்கரம் 600 முறை சுற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது முறுக்கும் வலிமை ஏறத்தாழ பத்து மடங்கு கூடும். ஆற்றல் அதேதான், வடிவம் மாறிவிடுகிறது. எஞ்சின் பக்கம் வேகம் அதிகம், இழுவை குறைவு. சக்கரத்தின் பக்கம் வேகம் குறைவு, இழுவை அதிகம்.

பெல்ட் உராய்வால் பிடிக்கிறது. ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் வழுக்கும். ஆகவே வேகம் அதிகமும் இழுவை குறைவுமான இடம்தான் அதற்குச் சுகம். சங்கிலி பல்லால் பிடிக்கிறது. இழுவை எவ்வளவு இருந்தாலும் வழுக்காது. ஆனால் மிக அதிக வேகத்தில் ஓசை எழுப்பும், எண்ணெயைச் சிதறடிக்கும், விரைவில் தேயும். ஆகவே வேகம் குறைந்த, இழுவை அதிகமான சக்கரத்தின் பக்கமே அதற்குச் சுகம். பென்ஸ் 1886-இல் போட்ட வரிசை தற்செயலானது அல்ல.

பேராக்கின் சாட்சிகள்

இதற்குச் சாட்சி தேடி ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பத்து காஜாவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் துவாலாங்கில் ஓர் ஈயக் கப்பல் இன்றும் நிற்கிறது. 1938-இல் கட்டப்பட்டது, எடை சுமார் 4,500 டன். அது எப்படி வேலை செய்தது? பெரிய இரும்பு வாளிகளைக் கோத்த ஒரு மாபெரும் சங்கிலி குளத்தின் அடியாழத்துக்குப் போய் ஈய மணலை வாரிக்கொண்டு வந்தது. வேகம் குறைவு, இழுவையோ மலையை அசைக்கும் இழுவை. அந்த இடத்தில் எவராவது பெல்ட்டைப் போட்டிருப்பார்களா? கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தை உலகத்துக்கு அள்ளிக் கொடுத்தது சங்கிலி.

தோட்டத்து ரப்பர் ஆலைகளில் காட்சி வேறு. அங்கே ஒரே எஞ்சின் கூரைக்கடியில் ஓடும் நீண்ட தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் அகலமான பெல்ட் இறங்கும். ஒரு மெஷினை நிறுத்த வேண்டுமானால் பெல்ட்டைச் சும்மா சுற்றும் புல்லிக்குத் தள்ளினால் போதும். மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். பென்ஸ் வண்டியில் இருந்த அதே உபாயம். நம் தாத்தாக்களில் பலர் பென்ஸின் பெயரைக் கேள்விப்படாமலேயே அந்த உபாயத்தோடு தினமும் வேலை செய்தார்கள்.

அந்த பெல்ட்டுகளுக்குள் இன்னோர் உறவும் உண்டு. 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து விரிந்த தொழில், உலகத்துத் தொழிற்சாலைகளுக்கு டயரும் குழாயும் பெல்ட்டும் கொடுத்தது. 1917-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் ரப்பரும் துணியும் சேர்ந்த ‘வி’ வடிவ பெல்ட்டைக் கொண்டுவந்தார். புல்லியின் பள்ளத்தில் ஆப்பு போல இறங்கிப் பிடிப்பதால் அது பழைய தட்டை பெல்ட்டைவிடக் குறைவாகவே வழுக்கும். பின்னாளில் செயற்கை ரப்பர் அந்த இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. ஆனாலும் விடியற்காலை இருட்டில் மரம் சீவிய கைகளுக்கு அந்த வரலாற்றில் பங்கு உண்டு.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. பெல்ட் புல்லியைத் தொடும் இடத்திலும், சங்கிலி பல்லில் ஏறும் இடத்திலும் கை சிக்கினால் இழுத்துக்கொள்ளும். ஓடும் பெல்ட்டுக்கும் சங்கிலிக்கும் மூடி போடுவதை மலேசியாவின் 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் கட்டாயமாக்கியது. 2024-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, அந்தப் பொறுப்பு 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்தது. வீட்டு முற்றத்துக்கு ஆய்வாளர் எவரும் வந்து எட்டிப் பார்க்கப் போவதில்லை. அதனாலேயே அங்கே எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

மீண்டும் எழுந்த பெல்ட், விடாத சங்கிலி

இருபதாம் நூற்றாண்டின் நடுவுக்கு வெகு முன்பே பெரிய கார்கள் இரண்டையும் விட்டுவிட்டு இரும்புத் தண்டுக்கும் கியருக்கும் மாறிவிட்டன. வாதம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். முடியவில்லை.

1958-இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் ஒரு சிறிய காரைக் காட்டியது. ஹப் வான் டோர்னே வடிவமைத்த அந்தக் காரில் கியர் மாற்றும் வேலையே இல்லை. இரண்டு ரப்பர் பெல்ட்டுகளும் அகன்று சுருங்கும் புல்லிகளும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன. ரட்ஜ் மல்ட்டியில் கையால் செய்ததை இது தானாகவே செய்தது. முன்னால் போகும் அதே வேகத்தில் பின்னாலும் போகக்கூடிய கார் என்பதால், பின்புறமாகவே ஓட்டும் பந்தயங்கள்கூட அந்த நாட்டில் நடந்தன.

அதே 1958-இல் ஜப்பானில் ஹோண்டா ‘சூப்பர் கப்’ வண்டியை வெளியிட்டது. அதில் சங்கிலி, ஆனால் முழுவதும் மூடிய பெட்டிக்குள். மழையும் மணலும் உள்ளே போகாது, ஆடை சிக்காது. பினாங்கின் லோ பூன் சியூ அந்த வண்டியை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். நம் ஊர்க் கப்சாயின் மூதாதை அதுதான். ரொட்டி விற்றவர், மீன் விற்றவர், பால் எடை போடும் இடத்துக்குப் போன தண்டல் என்று எத்தனையோ பேரை அந்த மூடிய சங்கிலி சுமந்தது.

ஹோண்டா 1963-இல் தன் முதல் சிறிய காரான எஸ்500-ஐ வெளியிட்டபோதும் மோட்டார் சைக்கிளை மறக்கவில்லை. இரண்டு பின் சக்கரங்களுக்கும் எண்ணெயில் நனைந்து ஓடும் தனித்தனிச் சங்கிலி வைத்தது. 1966-இல் எஸ்800 மாதிரி வந்த பிறகே சங்கிலியை விட்டு வழக்கமான அச்சுக்கு மாறியது.

பெல்ட்டின் கதை இங்கே நம் நாட்டுக்குள் நுழைகிறது. வான் டோர்னே தொடங்கி வைத்த ரப்பர் பெல்ட், பின்னர் நூற்றுக்கணக்கான எஃகுத் தகடுகளைக் கோத்த பெல்ட்டாக மாறி, 1987-இல் கார்களில் வந்தது. 2011-இல் புரோட்டோன் சாகா எஃப்.எல்.எக்ஸ். கார் அத்தகைய எஃகு பெல்ட்டோடு விற்பனைக்கு வந்தது. 2021-இல் பெரோடுவா அத்திவாவும், அதே ஆண்டின் இறுதியில் புதுப்பிக்கப்பட்ட மைவியும், பெல்ட்டையும் கியரையும் இணைத்த அமைப்போடு வந்தன. ஈப்போ சாலையில் கியர் மாற்றாமல் மைவி ஓட்டுபவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் காலுக்கடியில் ஒரு பெல்ட் ஓடுகிறது என்று தெரியும்?

மோட்டார் சைக்கிளிலும் திருப்பம் வந்தது. 1980-இல் ஹார்லி டேவிட்சன் பின் சக்கரத்துக்கே பெல்ட் வைத்த வண்டியை வெளியிட்டது. அது பற்கள் வெட்டிய, உள்ளே வலுவான இழைகள் ஓடும் பெல்ட். வழுக்காது. பொருள் மாறியதும் இடம் பற்றிய பழைய விதியும் வளைந்து கொடுத்தது. ஆனால் அத்தகைய பெல்ட்டும் அதற்குப் பொருந்தும் புல்லியும் விலை அதிகம். அளவு தப்பினால் ஊர்ப் பட்டறையில் வெட்டி ஒட்ட முடியாது.

தமிழ்நாட்டிலும் இந்த இரட்டை மரபு உண்டு. சங்கிலிக்குப் பெயர் பெற்ற எல்.ஜி.பி. நிறுவனம் கோயம்புத்தூரில் வளர்ந்தது. பெல்ட்டுக்குப் பெயர் பெற்ற ஃபென்னர் நிறுவனத்தின் தொழிற்சாலை மதுரையில் இருக்கிறது. நூற்பாலையும் அரிசி ஆலையும் பேருந்தும் இரண்டையும் ஒருசேரக் கேட்டன.

ஆயர் தாவார் இளைஞருக்கு என்ன பதில்?

இந்த வரலாற்றை எல்லாம் கேட்டபின் முற்றத்தில் நிற்கும் இளைஞர் என்ன செய்யலாம்? முதலில் எஞ்சினைப் பார்க்க வேண்டும். பாதித் தீர்ப்பு அதிலேயே எழுதியிருக்கிறது.

கப்சாய் எஞ்சின் என்றால் அதற்குள்ளேயே கிளட்ச்சும் கியரும் இருக்கின்றன. வெளியே வருவது வேகம் குறைந்த, இழுவை கூடிய சுழற்சி. அங்கே சங்கிலிதான் பொருத்தம். அதே வண்டியின் 428 அளவுச் சங்கிலி எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். கல்லூரி மாணவர்கள் பந்தயத்துக்காகக் கட்டும் சிறிய கார்களிலும் மோட்டார் சைக்கிள் எஞ்சினோடு சங்கிலியே பெரும்பாலும் போகிறது.

ஸ்கூட்டர் எஞ்சின் என்றால் பெல்ட் அதன் பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. சக்கரத்தின் பக்கம் கியர் இருக்கிறது. அதைப் பிரித்துக் கெடுக்காமல் அப்படியே பயன்படுத்துவது நல்லது.

தண்ணீர் இறைக்கும் சிறிய எஞ்சின் என்றால் கிளட்ச்சும் இல்லை, கியரும் இல்லை. அப்போது பென்ஸின் வழிதான் வழி. எஞ்சினிலிருந்து இடைத் தண்டுக்கு ‘வி’ பெல்ட். இடைத் தண்டிலிருந்து அச்சுக்குச் சங்கிலி. பெல்ட்டைத் தளர்த்தவும் இறுக்கவும் ஒரு நெம்புகோல் வைத்தால் அதுவே கிளட்ச். சக்கரம் கல்லில் மாட்டினால் பெல்ட் வழுக்கிவிடும், எஞ்சின் தப்பிக்கும்.

அடுத்தது பல் கணக்கு. கப்சாய் இரண்டு சிறிய சக்கரங்களில் ஒருவரைச் சுமக்கச் செய்தது. நான்கு சக்கரமும் இரும்புச் சட்டமும் கூடுதல் சுமை. பின்புறம் 36 பல் இருந்த இடத்தில் 42 பல் போட்டால் இழுவை ஆறில் ஒரு பங்கு கூடும். வேகம் ஏழில் ஒரு பங்கு குறையும். தோட்டத்துச் செம்மண் பாதைக்கு வேகம் எதற்கு? ஏற்றத்தில் திணறாமல் ஏறினால் போதாதா?

மூன்றாவது, நேர். கொத்தனார் நூல் பிடித்துச் சுவர் பார்ப்பதுபோல, முன் பல்சக்கரத்துக்கும் பின் பல்சக்கரத்துக்கும் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். கோணல் இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த சங்கிலியும் கழன்றுவிடும். நடுவில் விரலால் அழுத்தினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். வீணைக் கம்பிபோல் இறுக்கினால் தாங்கிகள் தேயும்.

நான்காவது, திரும்புதல். ஒரே அச்சில் இரண்டு பின் சக்கரங்களையும் பூட்டிவிட்டால் வளைவில் ஒன்று தரையில் இழுபடும். சுலபமான வழி, ஒரு சக்கரத்தை மட்டும் ஓட்டி மற்றதைச் சுதந்திரமாகச் சுற்ற விடுவது.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முதலாக வைக்க வேண்டியது மூடி. இருக்கைக்குப் பின்னால் ஓடும் சங்கிலி அறுந்தால் சாட்டைபோல் வீசும். தடித்த இரும்புத் தகட்டால் அதை மூடாமல் எஞ்சினைக் கிளப்பவே கூடாது. துப்பட்டாவும் நீண்ட கூந்தலும் தளர்ந்த சட்டையும் சங்கிலிக்கு வித்தியாசம் தெரியாது. வேடிக்கை பார்க்க வரும் தம்பி தங்கைகளின் விரல்களும் அப்படியே.

அனுமதி என்ற சங்கிலி

ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வீட்டில் கட்டிய காரைப் பதிவு செய்யாமல் பொதுச் சாலையில் ஓட்டுவது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். அது தனியார் நிலத்தில், உரியவரின் சம்மதத்தோடு ஓட வேண்டிய வண்டி. சாலைக்கு வர வேண்டுமானால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். அது எளிதில் கிடைப்பதல்ல.

இந்த இடத்தில் ஜி.டி. நாயுடு மீண்டும் நினைவுக்கு வருகிறார். 1920-இல் ஒரே பேருந்தை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கிய அவர், 1952-இல் இருவர் அமரும் சிறிய பெட்ரோல் காரைச் செய்தார் என்றும், அதன் விலை 2,000 ரூபாய் என்றும், அரசு உரிமம் கிடைக்காததால் அது உற்பத்திக்குப் போகவில்லை என்றும் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. அந்தக் கார் தெருவுக்கு வரவில்லை. ஆனால் அதைச் செய்த அறிவு வீணாகிவிட்டதா? அவர் தொடங்கிய தொழிற்பயிற்சிக் கூடங்களில் கை பழகியவர்கள் கொங்கு நாட்டின் பட்டறைகளில் பரவினார்கள்.

ஆயர் தாவார் முற்றத்துக் காரும் அப்படித்தான். அது சாலைக்கு வராமலே போகலாம். ஆனால் பெல்ட் எங்கே, சங்கிலி எங்கே என்று யோசித்து, பல் எண்ணி, நூல் பிடித்து, மூடி போட்டு அதை ஓடவைத்த இளைஞர், நாளைக்கு எந்தத் தொழிற்பயிற்சிக் கழகத்துக்குள்ளும் தலைநிமிர்ந்து நுழையலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஆலைகள் மூடப்பட்டு, பட்டணத்துக்குப் பெயர்ந்த நம் குடும்பங்களில் நிலமாகவோ வீடாகவோ கைக்கு வந்தது சொற்பம். கைத்தொழில் அறிவு ஒன்றுதான் கூடவே வரக்கூடியது.

‘இது எதற்குடா வேண்டாத வேலை?’ என்று அந்த இளைஞரைக் கேட்கத் தோன்றும் பெற்றோர், ஒரு நிமிடம் தங்கள் பழைய வீட்டை நினைத்துப் பார்க்கட்டும். வாசலில் ஒரு சைக்கிள். ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின். குடும்பத்தை ஓட்டியதில் இரண்டுக்கும் பங்கு இருந்தது. எது எந்த இடத்தில் ஓட வேண்டும் என்பது அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது.